மூச்சை எண்ணும் கருவி

மூன்றாவது தடவையும் ஆய்வகத்தில் மாணவர்கள் சில்லு செய்யும் சிலிக்கன் வில்லைகளில் புள்ளி விழுந்திருந்தது. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்த டாக்டர் லாந்தேரோ நிமிர்ந்தார்.

“பொப்போ எரிமலைச் சாம்பல். தோன்யா எமெதேரியா துடைக்கிற லட்சணம். இனிமே நீங்க யாரும் எதையும் தொட வேண்டாம். நான் செய்வேன், கண்ணாடிக்கு வெளியில நின்னு பாருங்க.”

“நாலு வருஷமாப் பார்த்துட்டுத்தானே இருக்கோம், டாக்டர்?” என்றாள் செனாய்தா. முதல்முறையாகத் தன் கையால் ஒரு சில்லு செய்ய வந்தவள். “சமையல் நிகழ்ச்சி பார்த்தா வயிறு ரொம்புமா?”

தோன்யா எமெதேரியா நான்தான். சில்லு செய்யும் அந்த மஞ்சள் விளக்கு அறையைப் பதினோரு வருடமாகத் துடைக்கிறேன். ஐம்பத்தோரு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தேன். முதலில் முழுதாகப் படித்தது அந்தக் கதவில் ஒட்டியிருந்த விதிகளைத்தான்.

“என்னைச் சொன்னீங்கல்ல? கருவியைக் கேட்போம்” என்றேன்.

காற்றில் தூசி எண்ணும் பெட்டியை இழுத்து வந்தேன். என் துடைப்புத் துணிக்கு நாற்பது. செனாய்தாவின் மூச்சுக்கு அறுபது. “எனக்கு எண்ணிக்கை ஏறிச்சுன்னா அது காலையில தின்ன செமித்தா ரொட்டி” என்று ஊதினான் அவள் கூட்டாளி உலிசெஸ். எழுபது.

“நீங்களும் ஊதுங்க, டாக்டர்.”

“நான் எதுக்கு?”

“பயமா?” என்றான் உலிசெஸ்.

ஊதினார். தொள்ளாயிரம். இரண்டாயிரம். பெட்டி அலறியது. முகமூடியைத் தாண்டி சிகரெட் வாடை வந்தது.

ஏழாம் விதியில் விரல் வைத்துத் திக்கித் திக்கிப் படித்தேன்: “புகைத்தவர் அரை மணி நேரம் கழித்தே உள்ளே வரலாம்.” யாரும் சிரிக்கவில்லை.

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

“எழுதியிருக்கறதைப் படிச்சேன். நாளைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. இப்ப வெளியில போங்க.”

அவர் செனாய்தா பக்கம் திரும்பினார். “நீ கையை எடு!”

அவள் ஏற்கெனவே புது வில்லையைச் சுழல்தட்டில் வைத்து, ஒளி பட்டால் மாறும் பசையைச் சொட்டியிருந்தாள்.

“ஊத்தியாச்சு, டாக்டர். பாதியில விட்டா வீணாப் போயிடும்.”

தட்டைச் சுழலவிட்டாள்.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். சுட்டு, ஒளி காட்டி, கழுவி எடுத்த வில்லையை அவள் நுண்ணோக்கியில் வைத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை உள்பக்கமாக ஒருமுறை துடைத்துவிட்டேன்.