மகனாக ஏற்றுக்கொள்ளும் வீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் சூழ்ச்சி என்னுடையதல்ல. நேபாளத்து லலித்பூரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வசிக்கும் வீட்டுக்காரம்மா தேவகா சுபேதி யோசித்தது. எத்தனையோ வருஷமாக இந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறேன்; இவ்வளவு கச்சிதமாக எனக்கு ஒன்றும் அமைந்ததில்லை. களைப்போடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இமயத்தின் பனிமுகடுகள் பொன்னிறமாக—"

(வேண்டாம். எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.)

இரண்டாவது முயற்சி: வீட்டுக்காரர் மகள் பிபனா, தன்னோடு வங்கியில் வேலை பார்க்கும் நிர்மல் தாமாங்கைக் காதலிக்கிறாள். சுபேதிகள் பூணூல் போட்டவர்கள், தாமாங்குகள் போடாதவர்கள்.

போதும். இதற்கு மேல் இமயம் எதற்கு?

3

பிபனாவின் அப்பா ஓய்வுபெற்ற இணைச் செயலர். மந்திரிகளுக்குச் சமத்துவ உரைகள் எழுதிக் கொடுத்தவர். விஷயம் தெரிந்ததும் அவர் கத்தினார். (இந்த வரியை அடித்துவிடுகிறேன். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், கத்தவில்லை.) தேவகா அம்மாதான் நிர்மலைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாபு, உனக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்லையாமே? பாவம், திஹார் அன்னிக்கு நெத்தி வெறுமையா இருக்கலாமா? நம்ம வீட்டுக்கு வா. பிபனா டீகா வைப்பா."

(அடிக்குறிப்பு, அடிவரை போக அலுப்பாக இருப்பதால் இங்கேயே: திஹார் இந்த ஊர்த் தீபாவளி; அதன் கடைசி நாளில் சகோதரிகள் சகோதரர்களின் நெற்றியில் ஏழு நிறத்தில் டீகா, அதாவது பொட்டு, வைப்பார்கள். வைத்துக்கொண்டு தட்சணை கொடுத்தவன் ஆயுசுக்கும் அண்ணன். அண்ணனை யாரும் கட்டிக்கொள்வதில்லை.)

4

மொட்டைமாடியில் நான் துணி உலர்த்தும்போது பிபனாவும் நிர்மலும் பேசிக்கொண்டார்கள். ஒட்டுக்கேட்பது என் தொழில்.

"வெறும் நிறம்தானே பிபனா? வரலேன்னா ஏன்னு கேப்பாங்க. வச்சிடு, வீட்டுக்குப் போய்க் கழுவிக்கிறேன்."

"கழுவிட்டு வந்து எங்கப்பாகிட்ட பொண்ணு கேப்பியா?"

"அது... அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷம் தட்சணையோட வா, அண்ணே."

அவன் படியிறங்கிப் போனான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்க எழுதுறவர்தானே? இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்களேன்."

5

எழுதிப் பார்த்தவை:

நிர்மல் வரவில்லை. (வந்துவிட்டான். புதுச்சட்டை, கையில் பழக்கூடை.)

பிபனா டீகாத் தட்டை விசிறியடிக்கிறாள். (சினிமா. அப்புறம் தரையைத் துடைப்பதும் அவள்தான்.)

பேசாமல் வைத்துவிடுகிறாள். வருஷா வருஷம் அவன் வருகிறான்; பிறகு மனைவியோடு, பிறகு தொப்பையோடு. (யோசிக்காமலே கை இதை எழுதியது. அதனால்தான் கிழித்தேன்.)

6

இன்று. கெட்டது அண்டாமலிருக்க வாசலில் அக்ரூட் உடைத்தாயிற்று. வானொலி நல்ல நேரத்தை அறிவித்துவிட்டது. இணைச் செயலர் எழுந்து நின்று, மைக் இல்லாத குறையோடு, உரையாற்றுகிறார்:

"நம்ம வீட்ல சாதி வித்தியாசமே கிடையாது. நிர்மலை என் மகனாவே ஏத்துக்கறேன்!"

சாதி பாராமல் யாரையும் மகனாக்கிக்கொள்ளும் வீடு, மருமகனாக மட்டும்—

தேவகா அம்மா தன் கைபேசியை என்னிடம் கொடுத்திருக்கிறார். சொந்தபந்தம் எல்லோருக்கும் படம் போக வேண்டுமாம். நிர்மல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அவன் நெற்றியில் வெள்ளை மாவுக்கோடு இழுத்து, அதன்மேல் ஒவ்வொரு நிறமாக வைத்துக்கொண்டு வந்த பிபனாவின் விரல், கடைசி நிறத்தோடு நிற்கிறது.

"கை ஏன் நிக்குது நானி?" என்று மகளைக் கேட்கிறார் அம்மா.

"அவரு கண்ணைத் திறக்கட்டும்மா. யாரு வைக்கிறான்னு அவரும் பாக்கணும்ல?"

அவன் இமை துடிக்கிறது. திறக்கவில்லை.

"எடுத்தாச்சா?" என்று என்னை விரட்டுகிறார் அம்மா.

என் கை எதை எழுதும் என்று சொல்லிவிட்டேன், அதை நம்பாதீர்கள். இந்தாருங்கள், கைபேசியை நீங்கள் பிடியுங்கள். அவன் கண்ணைத் திறப்பான் என்று தோன்றினால், படம் எடுக்கக் கொஞ்சம் தாமதியுங்கள்.