வார்னிஷ் போட்ட குட்டிப்புலி

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்காதவர்கள் ஏற்கனவே நிறைய பேர். அந்த ஓணத்துக்கு இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். காரணம் பெயிண்ட்.

ஓண லீவு விடுகிற அன்று பள்ளியில் பூக்களம், வடம்வலி என்கிற கயிறிழுப்பு, பாயசம் எல்லாம் உண்டு. கடைசியில் புலி வேஷம் போட்ட பிள்ளைகள், குட்டிப்புலிகள், செண்டை மேளத்துக்கு ஆடிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவார்கள். திருச்சூரில் புலி இல்லாமல் ஓணத்தை முடித்தால் ஊரை விட்டே துரத்திவிடுவார்கள். நான் ரெமா, டிராயிங் டீச்சர். அதனால் புலிகளுக்கு முகம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. என் தலையில் விழுந்தால் என் இஷ்டப்படிதான் நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். குழந்தைகளின் தோலுக்கென்றே செய்கிற, தண்ணீரில் கரைகிற பெயிண்ட் மட்டும்தான். முந்தின நாளே ஒவ்வொரு பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால், அரித்தால், அந்தப் பிள்ளைக்கு வால் மட்டும்தான், முகம் கிடையாது. வயிற்றிலும் முதுகிலும் எழுதுவதே இல்லை, மஞ்சள் பனியன் போதும்.

பி.டி.ஏ. தலைவர் பைஜுவுக்கு இது பொறுக்கவில்லை.

"டீச்சரே, இது புலியா பூனையா? பனியன் போட்ட புலியை உலகத்துல யாராவது பார்த்திருக்காங்களா?"

"உங்க வயித்துல எழுதிக்கலாம் பைஜு. இடம் நிறைய இருக்கு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகள் நிளா அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கரப்பான் தோல். போன வருஷம் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ ஒரு புத்திசாலி போஸ்டர் கலரை எடுத்து அவள் கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்துவிட்டாள். கேட்டதற்கு, டப்பாவில் 'விஷமற்றது' என்று போட்டிருக்கிறதே என்றாள். தெரியாமல் முழுங்கினால் சாகமாட்டாய் என்று அர்த்தம், முகத்தில் அப்பிக்கொள் என்று அர்த்தமில்லை. சாயங்காலத்துக்குள் நிளாவின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் சொறிந்துவிடக் கூடாதென்று கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "அம்மா, லைட்டைப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் எனக்கு யாருடைய கேலியும் ஒரு பொருட்டில்லை.

இந்த வருஷம் முழங்கையில் வைத்த பொட்டு சிவக்கவில்லை. நிளாவும் புலியாக வேண்டும் என்று அழுது தீர்த்துவிட்டாள். சரி என்றேன்.

விழா அன்று பைஜு என்னைக் கேட்காமலே வறீதேட்டனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஊரில் புலி எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊர்ப் புலியாட்டம் நடக்கிற நாலாம் ஓணத்தன்று விடியும் முன்பே உட்கார்ந்து, வர்ணப் பொடியை வார்னிஷில் அரைத்து, பெரிய தொந்திக்காரர்களாகப் பார்த்து நிறுத்தி எழுதுவார். எல்லாம் காய்ந்த பிறகு அகலமான பிரஷ்ஷால் வார்னிஷ் மேல்பூச்சு ஒன்று. புலி அப்போதுதான் ஆற்றில் குளித்து ஏறியது போல மின்னும். மழை கொட்டினாலும் ஒரு கோடு அசையாது. அதை எடுக்க மண்ணெண்ணெய் வேண்டும், நல்ல பொறுமையும் வேண்டும். ஆம்பளைகள் இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தேய்த்துக்கொள்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அவருக்கு டேவி என்று ஒரு மகன் இருந்தான். நான் சின்னவளாக இருந்தபோது நடந்தது, ஊருக்கே தெரியும். ஏழு வயதுப் பையனுக்கு உச்சி முதல் பாதம் வரை தானே எழுதி, மேல்பூச்சும் போட்டு, கூட்டத்தோடு ஆடவிட்டார். அந்த வருஷம் அவ்வளவு அழகான குட்டிப்புலி வேறில்லையாம். அன்று ராத்திரியே பையனுக்கு உடம்பு கொதித்தது, மறுநாள் போய்விட்டான். மழையில் நனைந்த காய்ச்சல் என்றார் வறீதேட்டன். அவர் முன்னால் யாரும் வேறெதுவும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் குழந்தைக்கும் எழுதவில்லை. இப்போது முதல்முறையாக வந்து நிற்கிறார், திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பல்லும் மீசையும் மட்டும் நீங்கள் போடுங்கள், என் பெயிண்ட்டில்தான் போட வேண்டும் என்றேன்.

அவர் என் கிண்ணத்தில் விரலைத் தொட்டு முகர்ந்தார்.

"டீச்சரே, இது பெயிண்டா பாயசமா?"

"நக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

"மானத்தைப் பாருங்க. ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், உங்க புலியெல்லாம் காலு வழியா ஓடிடும்."

"ஓடட்டும்."

"மேல ஒரே ஒரு கை வார்னிஷ்..."

"வறீதேட்டா, அந்த டப்பா இந்த வாசலுக்குள்ள வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

"சும்மா சொன்னேன் மோளே" என்று சிரித்தார். தன் துணிப்பையைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளிக்கொண்டார். வெற்றிலைப் பெட்டியாக்கும் என்று நினைத்தேன்.

டிராயிங் ரூமில் நான் மஞ்சளும் கோடும் போட்டு அனுப்ப, வராந்தாவுக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூமில் அவர் பல்லும் மீசையும் போடுவதாக ஏற்பாடு. அவர் கை சுறுசுறுப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் உறுமிக்கொண்டே வெளியே ஓடியது. டீச்சர் மகளுக்கு முதலிடமா என்று யாரும் கேட்கக் கூடாதே, நிளாவைக் கடைசியாக உட்கார வைத்தேன். எழுதி முடித்ததும் துள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். வெளியே மேகம் கூடிக்கொண்டு வந்தது. நான் ஜன்னலோரம் ஸ்பாஞ்சுகளைக் கழுவ ஆரம்பித்தேன்.

"டீச்சர்."

திரும்பினேன். கதவோரம் ஒரு குட்டிப்புலி நின்றிருந்தது. பனியன் இல்லை. வயிறு, முதுகு, தொடை, பாதம் என்று ஓரிடம் விடாமல் எழுதி, தலை முதல் கால் வரை மினுமினுவென்று மின்னியது. வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கிழவர் வேலையைக் காட்டிவிட்டார்!

"யாருடா நீ? எந்த கிளாஸ்?"

"எடுத்து விடுங்க டீச்சர். இறுக்குது."

தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி அவன் கன்னத்தில் தேய்த்தேன். சேம்பிலையில் விட்ட தண்ணீர் போல எண்ணெய் உருண்டு கீழே விழுந்தது. மறுபடி தேய்த்தேன். கன்னம் சில்லென்று இருந்தது, குழந்தைக் கன்னத்துக்குரிய இளக்கமே இல்லை. பெயிண்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது. முழு உடம்புக்கு எழுதிக் காயவைக்க அரை நாளாவது வேண்டும். வறீதேட்டன் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இது எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை மேற்கொண்டு நினைக்க என் புத்தி மறுத்துவிட்டது.

"இறுக்குது டீச்சர்" என்றான் மறுபடி. பேசும்போது அவன் வாயைச் சுற்றியிருந்த கோடுகள் அசையவில்லை.

"வா என்கூட. அந்த ஆளை இன்னைக்கு விடப்போறதில்ல."

எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாக வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். அவன் இடுப்பில் மணி கோத்த பெல்ட் இருந்தது. எந்தப் புலி நடந்தாலும் அந்த மணி ஊரைக் கூட்டும். என் செருப்புச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

ஸ்டோர் ரூமில் நிளா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடி, மோவாயைத் தூக்கி, அசையாமல் இருந்தாள். தரையில் வார்னிஷ் டப்பா திறந்திருந்தது. வறீதேட்டன் அகலமான பிரஷ்ஷை முக்கி எடுத்து, என் மகளின் கன்னத்துக்கு நேராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"வறீதேட்டா! கையை எடுங்க!"

கை பாதியில் நின்றது. பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"கத்தாதீங்க டீச்சரே. பிள்ளை பயந்துடும். மழை வருதேன்னுதான்... ஒரே ஒரு கை..."

"ஒரே ஒரு கையா? இந்தப் பையனை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க!"

"எந்தப் பையன்? இப்பதானே டப்பாவையே திறந்தேன். இவதான் முதல்ல..."

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார்.

பிரஷ் கையிலிருந்து நழுவியது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பையன் என்னைக் கடந்து அவரிடம் போனான்.

"அந்தப் பிறை" என்றார் வறீதேட்டன். பையனின் கீழுதட்டுக்கு அடியில் வெள்ளையில் சின்னதாக ஒரு பிறை இருந்தது. "கூட்டத்துல எல்லாப் புலியும் ஒண்ணுபோல இருக்குமே, என் பையன் எதுன்னு எனக்குத் தெரியணுமேன்னு போட்டேன் டீச்சரே. அதுக்கு முன்னாடியும் போட்டதில்ல, அப்புறமும் போட்டதில்ல."

"அப்பச்சா, இறுக்குது" என்றான் பையன்.

கிழவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கேட்காமலே வாங்கினார். தோளில் கிடந்த துண்டை நனைத்து, பையனின் பாதத்தில் வைத்துத் தேய்த்தார். என் கைக்கு வராத பெயிண்ட் அவர் கைக்கு வந்தது. மஞ்சளும் கறுப்பும் குழைந்து துண்டில் ஏறின. துடைத்த இடத்தில் பாதம் இல்லை, ஸ்டோர் ரூமின் சிமெண்ட் தரை தெரிந்தது.

போய் நிளாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் பல் கோணிவிடும் என்று கிழவர் சொல்லி வைத்திருந்தாராம். நானும் திறக்கச் சொல்லவில்லை.

அவருக்கும் புரிந்துவிட்டது. மகனிடம் பெயிண்ட்டைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. முழங்கால் வரை துடைத்துவிட்டு நிறுத்தினார்.

"மோனே, போதுமா? இதோட விட்டுடட்டுமா?"

"இன்னும் இறுக்குது அப்பச்சா."

துடைத்தார். தொடை போயிற்று, வயிறு போயிற்று, வயிற்றுக்குப் பின்னால் இருந்த நீலச் சுவர் வந்தது. "காய்ச்சல்னு சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். "உங்க அம்மாகிட்டயும் காய்ச்சல்னுதான் சொன்னேன். சர்ச்சுல பாதிரியார்கிட்டயும் அதையேதான் சொன்னேன். நீ ராத்திரி முழுக்க இறுக்குதுன்னு சொன்னியே மோனே, அதை நான் யார்கிட்டயும் சொல்லல." கை போயிற்று, கழுத்து போயிற்று. நெற்றியிலிருந்து கீழே இறங்கினார். கண்ணைத் துடைக்கும்போது தன் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் அந்தப் பிறை மட்டும் காற்றில் நின்றது. நகத்தளவு வெள்ளை. அதை வைத்துக்கொண்டு நிற்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. அவர் துண்டின் சுத்தமான மூலையைத் தேடி எடுத்தார். ஒரே துடைப்பில் எடுத்துவிட்டார்.

வார்னிஷ் வாடை டப்பாவிலிருந்து மட்டும் வந்தது.

"அப்பாப்பா, பல்லு போட்டாச்சா?" என்றாள் நிளா, கண்ணை மூடியபடியே.

"இதோ போடுறேன் மோளே."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். சின்ன பிரஷ்ஷை என் வெள்ளையில் தொட்டு அவளுக்குப் பல் போட்டார். இரண்டு பல்லும் கோணலாக வந்தன.

செண்டை முழங்கி, குட்டிப்புலிகள் மைதானத்தில் பாதிச் சுற்றுகூட வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அவர் சொன்னபடியேதான் நடந்தது. மஞ்சளும் கறுப்பும் கன்னத்தில் வழிந்து பனியனில் ஓடின. பைஜு தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு, மானம் போச்சு!" என்று மைக்கிலேயே சொன்னான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிள்ளைகள் அதற்குமேல் குதித்தார்கள்.

வறீதேட்டன் மழையில் இறங்கிப் போனார். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்து, வெளியே வந்த முகத்தை உற்றுப் பார்த்தார். "யாரு, நம்ம லோனப்பன் பேரனா? போ, ஓடு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். வரிசை முடியும் வரை அப்படியே செய்தார்.

கடைசியில் நிளா வந்தாள். அவள் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தார். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தோல் சிவக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவு வந்து எனக்கு அழுகை முட்டியது.

"அந்த அண்ணாவுக்கு மாதிரி எனக்கு இறுக்கவே இல்ல, அப்பாப்பா" என்றாள் நிளா.

கிழவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ கண்ணை மூடிட்டுதானே இருந்தே மோளே. அவன் சொன்னது உனக்குக் கேட்டுச்சா? கடைசியில வேற ஏதாவது சொன்னானா?"

நிளா யோசித்தாள்.

"ஒண்ணும் சொல்லல. பெருசா ஒரு மூச்சு விட்டான்."