திங்கட்கிழமைச் சீட்டு

தாப்பா ஊருக்குத் தெற்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்லது நடந்த வீட்டார் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஒரு சீட்டு எழுதி ஈப்போ பட்டணத்துக்குத் தபாலில் அனுப்புவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று மாசிலாமணி உபதேசியார் அங்கிருந்து வந்து, தினமும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகையில் ஆராதனை நடத்தும்போது அவற்றை உரக்க வாசிப்பார். பெயர் கேட்ட வீட்டார் எழுந்து நின்று "ஸ்தோத்திரம்" என்று சொல்லவேண்டும். பால் மரம் வெட்டிப் பிழைக்கிறவர்கள் வேறு எதைத்தான் கொண்டுவந்து படைக்க முடியும்? மரமும் துரையுடையது, அதில் வடிகிற பாலும் துரையுடையது. நன்றி ஒன்றுதான் அவர்களுக்குச் சொந்தம்.

அந்த மாதம் வேதமுத்து ஒரு சீட்டு எழுதினான். அவனுடைய நாலு வயது மகள் ஜெயக்கனி ஒன்பது நாள் குளிர்காய்ச்சலில் கிடந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். வேலை முடிந்து வந்து பார்த்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டான். புதன்கிழமை காய்ச்சல் திரும்பியது. கொய்னா மருந்துக்கும் கேட்கவில்லை. வியாழன் விடியும்போது பிள்ளை இல்லை.

ஈப்போவுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லாததால் வேதமுத்துவே ஜெபம் சொல்லி மண் போட்டான். அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "அவசரப்பட்டு எழுதிட்டேன். என் கையே புள்ளைக்கு எமனாப் போச்சு," என்று மனைவி ஞானப்பூவிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். ஞாயிறு காலை கொட்டகைக்கு வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஞானப்பூவுக்கும் கால் எழவில்லை. இனி இந்த வாயால் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கும்பிடுகிற சாமி வேறு என்றாலும், பிள்ளையின் நெற்றியில் ராப்பகலாக ஈரத்துணி போட்டவள் அவள்.

உபதேசியார் தங்கமான மனுஷர்தான். ஆனால் வந்து இறங்கினால் யாரையும் நலம் விசாரிக்கமாட்டார், நேரே பாட்டுத்தான். அவர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்ததில் ஒருவரும் உபதேசியாரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "வேதமுத்து, ஞானப்பூ குடும்பத்தார், மகள் ஜெயக்கனியைக் காய்ச்சலிலிருந்து எழுப்பினதற்காக."

அத்தனை தலைகளும் குனிந்தன. முன்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்துபோய் அவர் காதில் சொன்னார். உபதேசியாரின் முகம் வெளுத்துவிட்டது. தெரியாமல் வாசித்துவிட்டேன், மன்னித்துக்கொள் தாயே என்று தடுமாறியபடி, அந்த வரியை அடித்துவிடப் பென்சிலை எடுத்தார்.

ஞானப்பூ எழுந்து நின்றாள்.

"அடிக்காதீங்கய்யா. திங்கக்கெழம புள்ள எந்திரிச்சு உக்காந்திச்சு. கஞ்சி குடிச்சிச்சு. அவங்கப்பா தோள்ல ஏறி லயத்து வீடுகளச் சுத்தி வந்திச்சு. அது பொய்யில்லையே. வியாழக்கெழமைக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரலைங்கய்யா. திங்கக்கெழமைக்குச் சொல்றேன்."

ஸ்தோத்திரம் என்று அவள் சொன்னபோது குரல் பாதியில் உடைந்தது. மீதியைச் சபை முழுவதும் சேர்ந்து சொன்னது. பக்கத்தில் வீரம்மாவும் எழுந்து நின்றிருந்தாள்.

ஞானப்பூ வீட்டுக்குத் திரும்பியபோதும் வேதமுத்து படியை விட்டு நகர்ந்திருக்கவில்லை. சீட்டை வாசித்தார்களா என்று தரையைப் பார்த்தபடியே கேட்டான். வாசித்தார்கள் என்றாள்.

"அடிச்சிட்டாங்களா?"

"அடிக்கப் பாத்தாங்க. நான் விடல. திங்கக்கெழம நம்மளுக்குக் குடுத்ததுதானே."

பிள்ளை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் தோளை ஒரு கையால் தொட்டுப் பார்த்தான். வியாழனிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே, பெயர் வாசிக்கக் கேட்டவனைப் போல, படியிலிருந்து எழுந்து நின்றான்.