பதினெட்டுக் குப்பிகள்

திங்கட்கிழமை காலை, கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் எங்கள் தொழிற்சாலை வாசலில், முதலாளி சிவநேசனின் காரிலிருந்து ஓர் அரசாங்க அதிகாரி இறங்குவதைப் பார்த்ததும் பயந்துபோனேன். ஏனென்றால் ஆய்வுக்கூட ஃபிரீசரில் இருக்க வேண்டிய இருபது குப்பிகளில் இரண்டு, கிள்ளானில் என் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஃபிரீசர் தட்டில், இறால் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன.

ஒழுங்காகச் சொல்கிறேன். நாங்கள் செய்வது கிருமித் தூள். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளின் கழிவுக் குட்டையில் கொட்டினால், அந்த நாற்றம் பிடித்த கழிவைத் தின்றுவிடும். முன்பு இதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். இப்போது பதினேழு ஆலைகள் எங்களிடம் வாங்குகின்றன. முப்பத்தெட்டுப் பேருக்கு இதுதான் சோறு. அவ்வளவு தூளுக்கும் தாய் அந்த இருபது குப்பிகளில் உறைந்திருக்கும் கிருமி. ஒன்பது வருடமாக அவற்றுக்குப் பொறுப்பு தாமரை என்கிற நான். குப்பியில் இருப்பது செத்தால் எங்கள் தொழிற்சாலை வெறும் தகரக் கொட்டகை.

இத்தனை இருந்தும் உரிமம் கேட்டு நிரப்பும் பாரத்தில் எங்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. உரமா, உணவா, ரசாயனமா என்று கேட்பார்கள். மூன்றும் இல்லை. ஒரு வருடம் உரக் கிடங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த அதிகாரி, உரக் கிடங்கில் உயிருள்ள கிருமிக்கு என்ன வேலை என்று உரிமத்தை நிறுத்திவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கையில் இருந்த பாரம் அப்படி. ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல். மாநாடு போட்டு, உயிர்த் தொழில்நுட்பம்தான் எதிர்காலம் என்று பேசிக் கைதட்டிக்கொள்கிறார்கள். ஒரு கட்டம் போட மட்டும் ஒருவருக்கும் மை இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, உரிமம் இல்லை என்று நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமை கட்டடத்துக்குச் சீல், மின்சாரமும் துண்டிக்கப்படும். மாநிலத் தலைநகர் ஷா ஆலத்தில் யாரையாவது பிடிக்கிறேன் என்று முதலாளி ஓடினார். நான் ஃபிரீசர் முன்னால் நின்றேன். மின்சாரம் இல்லாமல் அது ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான். சீல் வைத்த பிறகு உள்ளே போகவும் முடியாது. இரண்டு குப்பி உயிரோடு இருந்தால் மறுபடி வளர்த்துவிடலாம். எழுத்து அனுமதி இல்லாமல் கிருமியை வெளியே கொண்டுபோவது குற்றம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அந்த வாயை மூடிக்கொண்டு, இரண்டை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே சாப்பாட்டு டப்பாவை அமுக்கி, காரில் ஏறிவிட்டேன்.

வழியில் போலீஸ் தடுப்பு. போலீஸ்காரர் பெட்டியைப் பார்க்காமலே கையசைத்துப் போகச் சொன்னார். வீட்டில் குகன், என் கணவர், இது நம்மைக் கொல்லுமா என்று கேட்டார். நம்மைக் கொல்லாது, என் வேலையைத்தான் கொல்லும் என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. அதன் பிறகு அந்த ஃபிரிட்ஜைத் தொடவே இல்லை.

திங்கட்கிழமை வந்தவர் சீல் வைக்க வரவில்லை, அதுதான் கொடுமை. முதலாளி பேசியது எடுபட்டிருந்தது. காரில் வந்த மாநில அலுவலகத்துப் புவான் அஃப்ரின், அதாவது அஃப்ரின் அம்மையார், நேரில் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சீல் இல்லை, எங்களைப் போன்றவர்களுக்குத் தனி உரிமப் பிரிவு வேண்டும் என்று மேலே பரிந்துரையும் போகும். இதைச் சொல்லும்போது முதலாளிக்கு முகமெல்லாம் பல். நானோ, சீல் வைக்கப்போகிறார்கள் என்று நம்பி இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அஃப்ரின் தமிழிலேயே நிதானமாகப் பேசினார். முதலில் குப்பிகளை எண்ண வேண்டும் என்றார்.

நான்தான் எடுத்து வைத்தேன். பதிவேட்டில் இருபது, தட்டில் பதினெட்டு. அவர் மறுபடி எண்ணினார். அவர் குனிந்து எழுதும்போது முதலாளி என் காதருகில் வந்து, உடைந்துவிட்டது என்று சொல்லிவிடு என்றார். உடைந்த குப்பியை விதிப்படி எரித்ததற்குச் சீட்டு வேண்டும். அது எங்கே இருக்கிறது? ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மீதிப் பதினெட்டையும் நம்ப மாட்டார்கள். உண்மையைச் சொன்னாலும் இழுத்து மூடலாம். முப்பத்தெட்டு வீட்டு அடுப்பும் என் ஒருத்தி வாயில் வந்து நின்றது.

“உடையல புவான். ரெண்டும் என் வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கு.”

முதலாளி சுவரில் சாய்ந்துவிட்டார். எப்போது எடுத்தேன், யார் சொல்லி எடுத்தேன் என்று அஃப்ரின் ஒவ்வொன்றாகக் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன்.

“எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா?”

“எந்த நம்பருக்கு? நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் பண்ணேன், திங்கட்கிழமை கூப்பிடுங்கன்னு மெஷின் சொல்லுது. பத்திரமா எங்க வைக்கிறதுன்னு கேட்க ஒரு ஆளு இருந்தா, நான் ஏன் இறால் பக்கத்துல வைக்கப்போறேன்?”

பயந்தால் என் வாய் இன்னும் நீளும். அவர் கோபப்படவில்லை. தன் கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். அதிலும் ஒரு நம்பர் இல்லை போலிருக்கிறது.

“சீல் வேணாம்னு எழுதறேன்,” என்றார் கடைசியில். “தனிப் பிரிவு வேணும், இந்த மாதிரி அவசரத்துல வைக்க ஒரு அரசாங்கக் கிடங்கு வேணும்னும் எழுதறேன். ஆனா ஏன் வேணும்னு காட்ட உங்க விஷயத்தத்தான் எழுதணும். உங்க பேரு இருக்கும். விசாரணை முடியுற வரைக்கும் நீங்க லேப்புக்குள்ள வர முடியாது. அதுக்கப்புறம் விடுவாங்களான்னு எனக்குத் தெரியல.”

தொழிற்சாலை பிழைத்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும், போகவில்லை. நாற்பத்து மூன்று வயது எனக்கு. கிருமி வளர்ப்பதைத் தவிர வேறு என்ன தெரியும்? விதியை மீறியவள் என்று அரசாங்கத் தாளில் ஏறிய பிறகு எந்த ஆய்வுக்கூடம் என்னை உள்ளே விடும்? முதலாளியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் தட்டிலிருந்த பதினெட்டையும் ஃபிரீசருக்குள் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அஃப்ரின் பேனாவைத் திறந்து முழுப் பெயரைக் கேட்டார். அடையாள அட்டை எண்ணோடு சேர்த்துச் சொன்னேன்.