கிஜூனுக்காகக் கட்டிய கம்ப்யூட்டர்

சூனோக்குக்கு யார் மேலாவது கோபம் என்றால் அவளுடைய இஸ்திரிப் பெட்டிதான் முதலில் சொல்லும். கொரியாவில், பூப்யொங் சந்தைக்குப் பின்னால் எங்கள் இருவர் கடைக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் கிம்ச்சியும் தொட்டுக்கைகளும் விற்கிறேன். அந்தப் பக்கம் அவளுடைய சலவைக்கடை. கோட்டை பறிபோன மறுநாள் அவள் பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில் என் அலமாரி ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கோட்டை என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கும் கோட்டைதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். புருஷன் வேறொருத்தியோடு போன பிறகு சூனோக் கையில் எடுத்த முதல் ஆயுதம் அது. பகலெல்லாம் ஊரார் சட்டையைத் தேய்ப்பாள். பொழுது சாய்ந்தால் ‘நீராவி’ என்ற பெயரில் வாள் எடுத்துப் படை நடத்துவாள். நான் அந்தப் படையில் மருத்துவச்சி. பின்னால் நின்று, வெட்டுப்பட்டவர்களுக்கு உயிர் ஊட்டுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றுகை நடக்கும். நூற்றுக்கணக்கில் ஆள் மோதும். கடைசியில் யார் சிம்மாசனத்தில் நிற்கிறாரோ அவருக்குக் கோட்டை. சூனோக் அதை வருஷக்கணக்காக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் ஆடுவோம். தெருமுனை மாடியில் இருந்த பிசி பாங்கில். வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், மணிக்கணக்கில் வாடகை, பசித்தால் ராம்யோன் நூடுல்ஸ். அதன் முதலாளி தாக் கிஜூன். எங்கள் படையில் சூனோக்குக்கு அடுத்த இடம் அவனுக்கு. “அக்கா, அக்கா” என்று அவளைச் சுற்றிச் சுற்றி வருவான். அவளும் அவன் சட்டைகளைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுப்பாள்.

அந்த ஞாயிறு, எதிரிப்படை வாசலை நெருங்கியபோது சூனோக்கின் திரை அப்படியே உறைந்துபோனது. அவள் விசைகளைக் குத்தினாள், மவுஸை மேசையில் தேய்த்தாள், ஒன்றும் அசையவில்லை. படம் மறுபடி நகர்ந்தபோது நீராவி தரையில் செத்துக் கிடந்தாள். கோட்டைக் கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டிருந்தது. எதிரிப்படையின் சிவப்பு அங்கியோடு சிம்மாசனத்தில் கிஜூன் நின்றான்.

அவன் கல்லாவிலிருந்து எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “அக்கா, உங்க கைக்கு இந்த வேகமெல்லாம் இனிமே தாங்காது. வயசாயிடுச்சில்ல? போய் அமைதியா துணி தேய்ங்க.”

கூடமே சிரித்தது. அவள் வாங்கிக் கொடுத்த கோழியைத் தின்றவர்களும் சிரித்தார்கள். சூனோக் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன் பிறகு அவள் விளையாட்டைத் தொடவில்லை. என்னிடம் கையை நீட்டி, “நடுங்குதா பாரு” என்பாள். நடுங்காது. “இல்ல, நடுங்குது” என்பாள். தன் கைதான் கோட்டையைத் தொலைத்தது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் என் புருஷன் சோஜூ சாராய வாசத்தோடு வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொன்னார். பக்கத்து மேசையில் கிஜூன் குடித்துக்கொண்டே பெருமையடித்தானாம். முற்றுகைக்கு முன்னால் அந்த அம்மாவின் மெஷினைத் திறந்து இரண்டு ராமில் ஒன்றை உருவிவிட்டானாம்.

காலையில் கடை திறந்ததும் சூனோக்கிடம் சொன்னேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ராம்னா என்னடி?”

“எனக்கென்ன தெரியும்? உள்ள ஒரு பட்டை இருக்குமாம். மெஷினோட ஞாபகசக்தியாம். அது பாதியானா, கூட்டம் வந்தா தாங்காதாம்.”

“அப்ப என் கை இல்ல.”

“இல்ல.”

“எனக்கு வயசாகல.”

“வயசு ஆயிடுச்சுடி. ஆனா கோட்டை போனது அதனால இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். காலர் மடிப்பு கத்தி மாதிரி விழும்வரை அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள். “நான் ஒண்ணு கட்டப்போறேன்” என்றாள். “எவனும் திறந்து கை விட முடியாத ஒண்ணு.”

அன்றிலிருந்து அவள் கைப்பேசியில் ஓடியது முழுக்க கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் பேச்சுதான். சுவருக்கு அப்பாலிருந்து ப்ராசசர், மதர்போர்டு என்று யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். சில நாட்களில் அவளும் திருப்பிக் கத்தினாள். “பொய் சொல்றான் இவன்!” என்று கேட்டால், ஏதோ கார்டை யாரோ அளவுக்கு மீறிப் புகழ்ந்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்வேன்.

ஒரு புதன்கிழமை இருவரும் கடையைச் சாத்திவிட்டு ரயிலேறி யோங்சானுக்குப் போனோம். மின்சாமான் சந்தையில் கால் வைத்ததுமே ஒரு கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார்.

“வாங்க அம்மா, வாங்க! பையனுக்கா?”

“எதிரிக்கு” என்றாள் சூனோக்.

அவர் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, வானவில் மாதிரி விளக்கு எரியும் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். “இதப் போட்டா எதிரி ரோமம் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும்.”

“அவன் ரோமத்த எண்ணவா நான் வந்தேன்? எங்க ஆட்டம் பழசு. கூட்டம் சேந்தா கணக்கு முழுக்க ப்ராசசர் தலையிலதான் விழும். கார்டு நடுத்தரமா போதும். ப்ராசசர் உங்ககிட்ட இருக்கறதிலேயே வேகமானத எடுங்க.”

“அம்மா, அது கொஞ்சம் சூடாகும்…”

“நான் சூட்டோடயே பொழைக்கிறவ.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ராம் வாங்கும்போதுதான் அவள் கண்ணில் ஈரம் பார்த்தேன். ஜோடியாக இரண்டு பட்டைகள் ஒரே உறையில் இருந்தன. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இத்தனூண்டுதானா?” என்றாள். “இதுக்கா நான் ராத்திரியெல்லாம் கையப் பாத்துக்கிட்டிருந்தேன்?” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொரு ஜோடி குடுங்க” என்றாள்.

பவர் சப்ளையில் மலிவானது ஒன்றை அவர் தள்ளப் பார்த்தார். அதை எடுத்து எடை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். “சண்டை நடுவுல இது கைவிட்டா உங்களையும் சேத்துதான் தேடி வருவேன், அண்ணே.” அவர் நல்லதாக ஒன்றை எடுத்து வந்தார். கடைசியாகப் பெட்டி. கண்ணாடி பதித்தது, விளக்கு எரிவது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கறுப்பு இரும்பில் பூட்டு மாட்ட வளையம் வைத்த ஒன்றை எடுத்தாள். சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்றேன். “அளவு சரியா இருக்கான்னு பாத்தியா?” என்றாள்.

சலவைக்கடையின் பின்னறையில், கோட்டுகள் தொங்கும் கம்பிக்குக் கீழே பாகங்களை ஒன்றுசேர்த்தாள். திருகாணி ஒவ்வொன்றையும் கிஜூன் பெயரைச் சொல்லித்தான் முறுக்கினாள். முதல் தடவை மெஷின் எழவில்லை. ராமைக் கழற்றி, துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டினாள். திரையில் வெளிச்சம் வந்தது.

நான் உடனே கோட்டைக்குப் போகலாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“ஒரு ராமை உருவினவன் ஒண்ணோட நிறுத்தியிருப்பான்னு நினைக்கிறியா? நீ இன்னும் அவன் கூடத்துக்குப் போற இல்ல? ஒவ்வொரு நாளும் வேற வேற எடத்துல உக்காரு. மெஷின்ல ராம் எவ்வளவு இருக்குன்னு பாரு.” எங்கே தட்டிப் பார்ப்பது என்றும் காட்டிக்கொடுத்தாள்.

பார்த்தேன். வாசல் பலகையில் எழுதியிருந்ததில் பாதிதான் பின்வரிசை மெஷின்களில் இருந்தது. நடுவரிசையிலும் அப்படியே. முழுசாக இருந்தது கல்லாவில் அவன் சொந்த மெஷின் ஒன்றுதான்.

சூனோக் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். கோட்டை போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு பழைய ஆட்களை ஒவ்வொருவராக அழைத்தாள். கோட்டைக்காரன் என்ற உரிமையில் கிஜூன் பிடுங்கிய வரியில் நொந்துபோயிருந்த சின்னப் படைகளையும் சேர்த்தாள். எல்லோருக்கும் அவள் இட்ட கட்டளை விசித்திரமாக இருந்தது: “அவங்கவங்க வீட்டிலிருந்தே ஆடுங்க. இருக்கறதிலேயே மினுக்கற அங்கியாப் போட்டுக்கிட்டு வாங்க. வாணவேடிக்கை மந்திரம் எவ்வளவு இருக்கோ அவ்வளவும் கொண்டு வாங்க. யாரும் சிதறக் கூடாது. எல்லாரும் நேரா சிம்மாசன முற்றத்துக்குள்ள போய் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கணும்.”

“நான் எங்க நிக்கட்டும்?” என்றேன்.

“நீ அவன் கூடத்துல, கல்லாவுக்கு எதிர்ல உக்காரு. அவன் மூஞ்சிய எனக்குச் சொல்றதுதான் உன் வேலை.”

ஞாயிறு சாயங்காலம் காதில் கைப்பேசியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கிஜூனின் ஆட்கள் கூடம் நிறைய இருந்தார்கள். வெளிவாசல் சுலபமாக விழுந்ததும் அவர்கள் கேலி செய்தார்கள். “உள்ள வரட்டும், அடைச்சு வெச்சு அடிப்போம்!” அதைத்தான் சூனோக்கும் விரும்பினாள்.

சிம்மாசன முற்றத்தில் கல்யாணக் கூட்டம் மாதிரி ஆள் சேர்ந்தது. மினுக்கும் அங்கிகள். மேலே மேலே வெடிக்கும் வாணங்கள். என் பின்னால் ஒருவன், “ஏய், நிக்குது!” என்றான். “எனக்கும்!” “என்னுதும் செத்துப்போச்சு!” அத்தனை மினுக்கலையும் தாங்கப் பாதி ராமால் முடியாமல் வரிசை வரிசையாகத் திரைகள் உறைந்தன. விசைப்பலகைகளை ஓங்கி அடிக்கும் சத்தம் எழுந்தது. கல்லாவுக்கு மேலே, அவன் மெஷின் படத்தையே காட்டும் பெரிய திரையில், கிஜூனின் படை வாளை ஓங்கியபடி சிலைகளாக நின்றது. அந்தச் சிலைகளுக்கு நடுவே நீராவி நடந்து வந்தாள். ஓடக்கூட இல்லை.

கிஜூனின் மெஷின் மட்டும் நன்றாக ஓடியது. அதனால் அவன் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தான். “அடிங்கடா! ஏன்டா நிக்கறீங்க!” என்று கத்திக்கொண்டே சிம்மாசனத்தைச் சுற்றி ஓடினான். அவள் அவனை மூலையில் மடக்கினாள். ஒரே வெட்டில் முடித்திருக்கலாம். சின்னக் கத்திக்கு மாறிக்கொண்டு, நிதானமாக முடித்தாள்.

“மூஞ்சி எப்படி இருக்கு?” காதில் அவள் குரல்.

“வெளுத்துக் கிடக்கு.”

“எப்படி வெளுத்துக் கிடக்கு? சரியாச் சொல்லு.”

“பிளீச்சுல ஊறப்போட்ட துணி மாதிரி. வாய் தொறந்திருக்கு. எச்சி முழுங்கறான்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். அவள் அதோடு விடவில்லை. கோட்டை அவளுடையது என்ற அறிவிப்பு வந்ததும், எல்லோருக்கும் தெரிகிற எழுத்துப் பலகையில் ஒரே ஒரு வரி எழுதினாள்: கிஜூன் கடையில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்கள் மெஷினில் ராம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவன் தட்டிப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனும் பார்த்தான். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அத்தனை முகங்களும் கல்லாவைப் பார்த்தன. கிஜூன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “இதுக்கா வாடகை குடுத்துக்கிட்டிருந்தோம்?” என்று ஒருவன் எழுந்தான். கூடவே எல்லோரும் எழுந்தார்கள்.

குளிர் வருவதற்குள் பிசி பாங் மூடப்பட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் கூச்சலும் அந்த ராம்யோன் வாசமும் வேறெங்கும் கிடைக்கவில்லை. ஒருநாள் சூனோக்கிடம் கேட்டே விட்டேன்.

“அவன் உருவினது ஒரு ராம். நீ அவன் கடையையே உருவிட்டியேடி. போதுமா?”

“நான் எங்க உருவினேன்? எங்கெங்க உருவியிருக்குன்னு காட்டினேன். அவ்வளவுதான்.” ஒரு சட்டையை உதறி விரித்துவிட்டு, “போதல” என்றாள்.

கிஜூன் ஒரு வறுத்த கோழிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. அடுத்த கோடையில் ஒரு முற்றுகைக்கு முன்னால், சூனோக்கின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு கோழிக்குச் சொல்லி அனுப்பினேன். பொட்டலத்தோடு வந்து நின்றது அவன். தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். சூனோக் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவன் பார்வை மேசைக்கடியில் இரைந்துகொண்டிருந்த கறுப்புப் பெட்டியில் விழுந்தது. பிறகு மெல்ல, “அக்கா, பின்னாடி இருக்கற ஃபேனத் திருப்பி மாட்டியிருக்கீங்க. சூட்ட வெளிய தள்ளாம உள்ள இழுக்குது. அதான் இப்படிக் கத்துது” என்றான்.

“தெரியும்” என்றாள் சூனோக்.

அவன் மறுபடி வணங்கிவிட்டுப் படியிறங்கினான். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் நான் குனிந்து பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். காற்று உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நாலு திருகாணிதானேடி. கழட்டி மாட்டிடலாம்.”

“அவன் சொல்லி நான் மாட்டணுமா?”

அந்தக் கோடை முழுக்கப் பின்னறை அடுப்பாகக் கொதித்தது. நான் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெட்டுப்பட்டவர்களுக்கு உயிர் ஊட்டினேன். சூனோக் வேர்வை வழிய வழியக் கோட்டையைக் காத்தாள். ஃபேன் இன்றுவரை அப்படியேதான் சுற்றுகிறது.