ஒட்டக் கொடுத்த பக்கம்

"கணவர் இருக்காரா, இல்லையா? ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணுங்கம்மா." இறந்துபோன அம்மாவின் தகனப் படிவத்தைக் காட்டி மயான அலுவலகக் குமாஸ்தா மூன்றாவது முறையாகச் சொன்னார். மகள் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், அவள் கல்யாணத்தைப் பதியும்போதும் அம்மா இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அலுத்துப்போகும்வரை அசையாமல் நின்றிருக்கிறாள். மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுத்துப் போகிறவள்தான். இன்றைக்கு மகளும் அதையே செய்தாள். குமாஸ்தா பெருமூச்சு விட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலைநிறுத்த நோட்டீஸ் அச்சடித்தார் என்பது குற்றம். இவள் அப்போது ஐந்து மாதம் அம்மா வயிற்றில். அவரைக் கப்பலேற்றி ஏதோ ஒரு தீவுக்கு அனுப்பினார்கள் என்பது வரைக்கும் செய்தி வந்தது. அடுத்த வருஷமே ஆட்சி மாறியது. போனவர்கள் சும்மா போனார்களா? ரகசிய ஃபைல்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டித் தங்கள் நாட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளும் போச்சு, காகிதமும் போச்சு. கேட்டுக் கேட்டு, பெட்டிகள் திரும்பி வர இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. வரப்போகின்றன என்று பேச்சு அடிபட்டதுமே அம்மா தையல் வேலையை விட்டாள். ஆவணக் காப்பகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டும் வேலையில் போய்ச் சேர்ந்தாள்.

தனி ஆளைப் பற்றிய ஃபைலைக் குடும்பத்தார் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆளின் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காணாமல் போனவருக்கு ஏழு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் அதை வாங்கிவிடலாம். அம்மா வாங்கவில்லை. மகள் கெஞ்சினாள், மல்லுக்கு நின்றாள், மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாள். அப்பாவின் கையெழுத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு வரி கண்ணில் பட்டால் போதும் என்று இந்த ஐம்பத்துநாலு வயதிலும் கிடந்து தவித்தாள். போன மாதம்கூட, உனக்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையே இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அம்மா வழக்கமான பதிலைத்தான் சொன்னாள். "ஃபைலைத் திறக்காத வரைக்கும் அவர் வந்துக்கிட்டு இருக்கார். இருந்துட்டுப் போகட்டுமே."

வந்துகொண்டிருக்கிறவருக்காக அந்த வீட்டு வாசல் கதவுக்கு அம்மா ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை. ஒரு தடவை ரேடியோ திருடு போயிற்று, இன்னொரு தடவை குக்கர். உங்க வீட்டுக்குள்ள வரத் திருடனே கூச்சப்படுவான் என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், கதவு அப்படியே இருக்கும்.

மயானத்திலிருந்து வந்தவர்கள் மூன்று மணிக்கெல்லாம் கலைந்துவிட்டார்கள். இன்றைக்கு இங்கேயே இருக்கிறேன் என்று மகள் தன் கணவரையும் அனுப்பிவைத்தாள். பசை மாமா மட்டும் போகவில்லை. காப்பகத்தில் அம்மாவுக்கு எதிர் நாற்காலிக்காரர், பசை காய்ச்சுவது அவர் பொறுப்பு என்பதால் வந்த பெயர். மகள் நீட்டிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பாப்பா, உங்க அப்பா ஃபைல் எங்க மேஜைக்கு ஒட்ட வந்துச்சு. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு."

பூச்சி அரித்த நாற்பத்தோரு பக்கம் என்றார். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் மட்டும்தான் எழுத்து. அம்மா ஒவ்வொன்றையும் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, முதுகில் மெல்லிய தாளை ஒட்டினாளாம். ஓரத்தை மட்டும் பார்த்தாளாம். கடைசிப் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, அதை அப்படியே அவர் பக்கம் தள்ளினாளாம். முடிவு இதில்தான் இருக்கும், நீங்களே ஒட்டுங்கள், என்ன இருக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள் என்றாளாம்.

"என்ன இருந்துச்சு மாமா?"

"சாவு இல்லை பாப்பா. ஒரு கடுதாசி. அவர் உங்கம்மாவுக்கு எழுதினது. அனுப்பாம அதுலயே குத்தி வச்சுட்டாங்க."

அம்மாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள். சொல்லாதீர்கள் என்றார்களே என்று அவர் முணுமுணுத்தார்.

"சாவைத்தானே சொல்லாதீங்கன்னாங்க. கடுதாசியையா சொல்லாதீங்கன்னாங்க?"

பசை மாமா டம்ளரைத் தரையில் வைத்தார். "சொல்லியிருந்தா அன்னிக்கே கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க. கடுதாசி கைக்கு வந்துட்டா அப்புறம் எதுக்கு அந்த வேலைக்கு வரப்போறாங்க? எதிர் நாற்காலி காலியாயிடுமேன்னு பயந்துட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே அவங்க ரிட்டையர் ஆகுற நாளும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. தள்ளிவிட்டால் அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று யார் சொல்வது? அதைத்தான் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல ஒரு சொல் தடுமாறாமல் சொன்னார்.

"நான் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைக்கு உன் இஷ்டப்படி பெயர் வை. ராத்திரியில் மறக்காமல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். நான் எத்தனை மணிக்கு வந்தாலும் தட்டுகிறேன்."

வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

"எழுத்து எப்படி இருந்துச்சு?"

"சாய்வா இருக்கும். அம்மாவுக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பியே, அந்த மாதிரியேதான்."

அவர் கிளம்பும்போது அவள் போய் வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் இன்னும் வெயில் இருந்தது.

அவள் கதவருகே போனாள். தாழ்ப்பாள் அடுக்கடுக்காகப் பூசிய பெயிண்ட்டுக்கு அடியில் இறுகிக் கிடந்தது. கத்தியால் சுரண்டினாள். அம்மாவின் பழைய தையல் மெஷின் இழுப்பறையில் எண்ணெய் டப்பா இருந்தது. கொண்டுவந்து நாலு சொட்டு விட்டு, புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது கிறீச்சிட்டுக்கொண்டு போய் மாட்டியது.

நாற்காலியைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.