மீனாட்சி அத்தையின் மார்வலி

"அப்பா வழியில யாருக்காவது பிரெஸ்ட் கேன்சர் இருந்துதா?" என்று அடையாறு டாக்டர் கேட்டபோது ஸ்ரீரஞ்சனி விழித்தாள். அம்மா வழியைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தாள். இரண்டு வழியும் ஒன்றுதானாம். அதுவும் சின்ன வயதிலேயே யாருக்காவது வந்திருந்தால், இவளுக்கு இப்போதே பரிசோதனைகளைத் தொடங்க வேண்டியிருக்குமாம். "வீட்ல கேட்டுட்டு போன் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

கேட்கலாம்தான். ஆனால் அப்பா சுப்பராமன் அன்று மாலை கேட்கும் நிலையில் இல்லை, பேசும் நிலையில் இருந்தார். அபிராமபுரத்தில் அவர்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மொட்டை மாடியில் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம்; தோளில் ரோஜா நிறப் பொன்னாடை. கறுப்பு உள்ளாடையால் வருகிறது, அக்குளில் அடிக்கும் ஸ்ப்ரேயால் வருகிறது என்று அடுக்கினார். டாக்டரோ வயது, உடல் பருமன், குடி, வம்சம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"நம்மாத்துல ஏழு தலைமுறையா ஒருத்தருக்கும் அந்த வியாதி வந்ததில்லை. ஏன்? வெங்காயம், பூண்டு கிடையாது!"

மாடி அதிரக் கைதட்டல். ஸ்ரீரஞ்சனிக்கு மீனாட்சி அத்தையின் ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டுவிட்டாள். "அப்பா, மீனாட்சி அத்தை எதுல போனா?"

தங்கையின் பெயரைக் கேட்டதும் சுப்பராமன் பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார். "மார்வலி. ஹார்ட்."

சமையலறையிலிருந்து அம்மா ஜலஜா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, மார்னா மார்தான். ஹார்ட்டுன்னு நீங்களா இங்கிலீஷ்ல மாத்திண்டேள். கட்டி வந்துன்னா போனா!"

"ஆத்துல ரெண்டு பொண்ணு இருக்கே. வெளில தெரிஞ்சா எவன் வருவான்?"

"அத்தைக்கு அப்போ என்ன வயசுப்பா?"

ஒரு மணி நேரம் மைக்கை விடாதவர் மடித்த பொன்னாடையைப் பிரித்து மறுபடி மடித்தார். "உன்னைவிடச் சின்னவ."

டாக்டர் கேட்டதை ஸ்ரீரஞ்சனி அவரிடம் சொன்னாள்.

"அப்போ உனக்கும் வந்துடுமா?"

"வரும்னு இல்லப்பா. மத்தவாளைவிட வாய்ப்பு ஜாஸ்தி. அதான் முன்னாடியே பாக்கணும்கறா."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. ஆனா ஷ்ரேயாகிட்ட மூச்சு விடாதே. அவ ஜாதகம் நாலு இடத்துல போயிருக்கு."

ஸ்ரீரஞ்சனி போனை எடுத்தாள். டாக்டருக்கு அல்ல, தங்கைக்கு.

"ஷ்ரேயா, நாளைக்கு லீவு போடு. ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போறோம்."

"ஏன்க்கா? யாருக்கு என்ன?"

"தெரியலைடி. தெரிஞ்சுக்கத்தான் போறோம்."